கல்லடி மழைநீர் வடிகான், கரையோரத் திருத்த வேலைகள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் கடல் கொந்தளிப்பிலும் சேதமடைந்த எமது பகுதியின் மழைநீர் வடிகான்களையும் கடற்கரை மணல்மேட்டையும் திருத்துவதற்கு உங்கள் பங்களிப்பை வேண்டி இதனை எழுதுகிறோம்.

கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக, இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணற்தரை எங்களுடையது. ஆண்டு மழையின் பெரும்பங்கு மாரி மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால், அந்த நாட்களில் ஓடாத கான் மற்றக் காலங்களில் எவ்வளவு துப்புரவாக இருந்தும் பயனில்லை. நிலம் மட்டமாக இருப்பதனால் கானின் அடித்தளம் ஓரிடத்தில் சில அங்குலம் உயர்ந்தாலே பின்னாலுள்ள ஒழுங்கைகளில் தண்ணீர் நின்றுவிடும். வாவி நிரம்பி, முகத்துவாரத்து மணல்திட்டு வெட்டப்படாதிருக்கும் நாட்களில் வாவிநீரே கான் வழியாகத் திரும்பி வளவுகளுக்குள் ஏறுகிறது. கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே உள்ள சிறிய வளவுகளில் அதன் பின் எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்பதே கேள்வியாகிவிடுகிறது.

வெள்ளம் வற்றியதும் கான்களைத் திறந்து பார்த்தோம். மதகு ஒன்றின் வாய் முக்கால்வாசி மணலால் அடைபட்டிருந்தது. அதன்மேல் ரெஜிபோம் பெட்டித் துண்டுகளும் அறுந்த நைலோன் வலையும் தென்னம் மட்டையும் பொலித்தீனும் பின்னிப் பிணைந்து, மண்வெட்டி இறங்காதபடி இறுகியிருந்தன. உடைந்த கொங்கிரீட் மூடிகள் கானுக்குள்ளேயே விழுந்து கிடந்தன. இவற்றில் புயல் உடைத்தவை சிலவே. பாரவாகனங்கள் முன்னரே உடைத்தவை பல என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கரையின் கதையும் இதனோடு சேர்ந்ததே. கான் ஓடாததால், தேங்கிய வெள்ளத்தைக் கடலுக்கு விட மணல்மேடு அவசர அவசரமாக வெட்டப்பட்டது. அந்த நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை. வெட்டியவர்களை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் வெட்டிய வாய் வழியாகவே பின்னர் அலை உள்ளே ஏறி, இரு பக்க மணலையும் அரித்து, தோணிகள் ஏற்றி வைக்கும் இடத்தையும் கொண்டுபோயிற்று. ஆகவே கானை விட்டுக் கரையை மட்டும் திருத்தினால் அடுத்த மாரியில் அதே மேட்டை மறுபடியும் வெட்ட நேரும்.

கருங்கல் அணை போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். கல் அலையைத் தடுக்கும். கரை வழியே நகரும் மணலையும் குழப்பும். ஒலுவிலில் துறைமுகத்து அலைத்தடுப்புகள் வந்த பின்னர் வடக்குப் பக்கக் கரை அரிக்கப்பட்டதை அம்பாறைக் கரையோரத்தார் நன்கறிவர். எம்முடைய அரிப்பை அயலூருக்குத் தள்ளிவிட எமக்கு விருப்பமில்லை. வெட்டுவாயை மணலால் நிரப்பி, ஓலைத் தட்டி நிறுத்தி, மணலைப் பிடித்து வைக்கும் அடம்பன்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் நட்டு மேட்டைத் திரும்ப வளர்ப்பதே எமது தீர்மானம். இது மெதுவாக நடக்கும் வேலை. நட்டவை வேர் பிடிக்கும்வரை ஆடுமாடுகளையும் வாகனங்களையும் மறிக்க வேலியும் காவலும் தேவை. கரையோரம் பேணல் சட்டத்தின்படி (1981) கடலோரத்தில் செய்யும் அபிவிருத்தி வேலைகளுக்கு உரிய அனுமதி பெறவேண்டியிருப்பதால், அது கிடைத்த பின்னரே கரைவேலை தொடங்கும். வடிகான் வேலையும் மாநகர சபையின் இணக்கத்துடனேயே நடைபெறும்.

நன்கொடைப் பணம் மட்ட அளவீட்டுக்கும், பெக்கோ இயந்திர வாடகைக்கும், கம்பி வைத்து வார்த்த தடித்த மூடிகளுக்கும், வாவிப்பக்க வாயில்களில் நீர் திரும்பாமல் தடுக்கும் கதவுகளுக்கும், கரை வேலிக்கும் செலவிடப்படும். குழு உறுப்பினர் எவருக்கும் இதிலிருந்து கொடுப்பனவு இல்லை. பணமாகத் தர இயலாதவர்கள் சீமெந்து, கல், உழவு இயந்திரம், ஓலை என எதைத் தந்தாலும், ஒரு நாள் உடலுழைப்பாகத் தந்தாலும், அதுவும் பெயருடன் பதியப்படும். வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் இங்குள்ள தம் குடும்பத்தார் மூலம் செலுத்துவது நல்லது. இடைத்தரகர் எவரையும் நாம் நியமிக்கவில்லை.

பற்றுச்சீட்டு இல்லாமல் எவரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வேலை மதிப்பீடும் மாதாந்த வரவு செலவும் வாசிகசாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மாரிக்கு முன் வடிகான் வேலையை முடிக்கவேண்டியிருப்பதால், உங்கள் பங்களிப்பை ஜூலை மாத இறுதிக்குள் தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வண்ணம்,
வடிகான், கரையோரத் திருத்த வேலைக் குழுவினர்,
கல்லடி, மட்டக்களப்பு.