மதியம் ஒன்றரை முதல் ஐந்தரை வரை

முலுண்டு, மும்பை

அன்பு மகளுக்கு,

இனி வீட்டிலிருந்தே, இணையம் வழியாகப் பிறருக்குச் செயலர் வேலை செய்துகொடுக்கும் விர்ச்சுவல் அசிஸ்டென்டாக வேலை பார்க்கப் போவதாகவும், லண்டனிலிருந்து ஒருவரும் கலிபோர்னியாவிலிருந்து ஒருவரும் கேட்டிருப்பதாகவும் நீ சொன்னதிலிருந்து என் நினைப்பெல்லாம் அதிலேயே இருக்கிறது. தொலைபேசியில் பேசினால் நடுவில் குழந்தைகள் வந்துவிடுகிறார்கள், பேச்சு அறுந்துபோகிறது. ஆகவே எழுதுகிறேன், அவர்கள் உறங்கிய பிறகு நிதானமாகப் படி.

இது ஏதோ புதுமாதிரி வேலை என்று உன் புகுந்த வீட்டில் பேசிக்கொள்வதாகச் சொன்னாய். எனக்கு இது மிகவும் பழகிய வேலை. கும்பகோணத்தில் தட்டச்சு ஹையரும் சுருக்கெழுத்தும் முடித்து, மும்பைக்கு வந்து, ஃபோர்ட் பகுதியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, செயலராக ஓய்வு பெறும்வரை நான் செய்ததும் இதுதான். வந்த கடிதங்களில் அவசரமானதை மேலே எடுத்து வைப்பது, யாரை எப்போது சந்திக்க நேரம் கொடுக்கலாம் என்று பார்ப்பது, பயணத்துக்கு முன்பதிவு செய்வது, வரவேண்டிய பணம் வராதபோது மனம் நோகாமல் நினைவூட்டி எழுதுவது ஆகிய எல்லாம் இன்று ஜிமெயிலிலும் கூகுள் காலண்டரிலும், வேலைகளைப் பட்டியலிட்டு வைக்கும் டிரெல்லோவிலும் நடக்கின்றன. பிட்மன் சுருக்கெழுத்தை இன்று யாரும் கேட்பதில்லை. ஆனால் மேலதிகாரி சொல்ல மறந்ததையும் நாமே நினைவில் வைத்திருந்து, அவர் கேட்பதற்கு முன்பே எடுத்து வைக்கும் கவனத்தை இன்றும் கேட்கிறார்கள். அதற்குத்தான் பணம் தருகிறார்கள். குழந்தை தூங்கும் நேரங்களில் மிஞ்சுகிற அரைமணிகளைச் சேர்த்து அந்தக் கவனத்தைத் தர இயலாது என்பதே நான் உனக்கு அழுத்திச் சொல்ல விரும்புவது.

ஆகவே முதல் பணம் கைக்கு வருவதற்கு முன்பே சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை ஏற்பாடு செய். அல்லது உங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் நல்ல டேகேர் இருந்தால் அரைநாளுக்குச் சேர்த்துவிடு. "வீட்டில்தானே இருக்கிறாய், ஆள் எதற்கு?" என்று நிச்சயமாகக் கேட்பார்கள். உங்கள் இருவரையும் பாளணாகர் என்று இங்கே சொல்லும் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு நான் லோக்கல் ரயில் ஏறிய காலத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் வாசல் தாண்டிப் போவதை எல்லாரும் பார்த்தார்கள். நீ வாசலைத் தாண்டாததால் வேலையே இல்லை என்று எண்ணி, கூரியர் வாங்கவும், அடுப்பில் குக்கரைப் பார்க்கவும், வந்த விருந்தாளிக்குக் காபி கலக்கவும் உன்னையே கூப்பிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அவர் அறைக்கதவு சாத்தியிருக்கிறது, எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உன் வேலை நேரத்துக்கும் அதே கதவு, அதே மரியாதை வேண்டும் என்று அவரிடம் தெளிவாகச் சொல். அவர் நல்லவர், கேட்பார்.

பெரியவளுக்குச் சொன்னால் புரியும்: ஹெட்போன் காதில் இருந்தால் அம்மா வேலையில் இருக்கிறாள், அடிபட்டால் மட்டும் கூப்பிட வேண்டும் என்று பழக்கிவிடலாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அதெல்லாம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவன் அழும்போது மொபைலில் கார்ட்டூன் போட்டுக் கையில் கொடுத்துவிடத் தோன்றும், அதைச் செய்யாதே. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது.

இப்போது அந்த இரண்டு பேரைப் பற்றி. லண்டனில் காலை ஒன்பது மணி என்பது மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கு மதியம் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. அங்கே முற்பகல் நான்கு மணி நேரம் என்று ஒப்புக்கொண்டால், சின்னவன் தூங்கி எழுந்து, பெரியவள் பள்ளியிலிருந்து வந்து, விளக்கு வைக்கும் நேரத்தையொட்டி நீ எழுந்துவிடலாம். கலிபோர்னியாவில் ஒன்பது மணி என்பது நமக்கு இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலையில் டிபன் பாக்ஸ் கட்டும் உடம்பு எத்தனை மாதம் தாங்கும்? அவர் அதிகம் தருகிறார் என்றாலும் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. குழந்தைகள் சற்று வளர்ந்த பிறகு வேறு யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

கடிகாரம் மாற்றும் தேதிகளை மட்டும் காலண்டரில் இப்போதே குறித்துக்கொள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுகிறார்கள். இங்கிலாந்தோடு அது சேராத வாரங்களில், லண்டன்காரர் ஓர் அமெரிக்கரோடு பேச நேரம் குறித்தால் வழக்கமான எட்டு மணி நேர வித்தியாசம் கலிபோர்னியாவுக்கு ஏழாகிவிடும். அந்த வாரங்களில் ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்து அனுப்பும் செயலரை யாரும் விடமாட்டார்கள்.

ஒருவருடைய கடிதப்பெட்டியைத் திறக்கும் உரிமை உன்னிடம் வந்தால் அவருடைய வீடும் வியாபாரமும் உன் கையில் இருக்கின்றன. கடவுச்சொற்களை நோட்டிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வைக்காமல் பாஸ்வேர்ட் மேனேஜரில் வை. குழந்தைகள் தொடும் கணினியில் உன் வேலைக்குத் தனி லாகின் இருக்கட்டும். அங்கே படித்ததைச் சாப்பாட்டு மேசையில் சொல்லாதே, மாப்பிள்ளையிடம்கூட. பெங்களூரில் மழைக்காலத்தில் மின்சாரம் போகும். ரூட்டருக்கு ஒரு சிறு யுபிஎஸ் வாங்கிவிடு.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணிக்கணக்கைவிட மாதத்துக்கு இவ்வளவு, அதற்கு இத்தனை மணி என்று எழுத்தில் பேசிக்கொள்வது உனக்குப் பாதுகாப்பு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மணிகளை வேறு நாளில் ஈடுகட்டலாம் என்பதையும் அதிலேயே சேர். வெளிநாட்டுப் பணம் வரும்போது அது எதற்கான பணம் என்று காட்ட வங்கி கேட்கும் பர்ப்பஸ் கோடு எண்ணைச் சரியாகக் கொடுத்து, வரவுச் சான்றை ஒவ்வொன்றாகச் சேமித்து, ஆடிட்டர் ஒருவரைப் பார். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். கம்பெனியில் இருந்தபோது 2017-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி உனக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது, பிஎஃப் பிடித்தார்கள். இனி அவை இல்லை. அதனால் மாதாமாதம் உன் பெயரிலேயே ஒரு தொகையைப் பிபிஎஃப் என்னும் பொது வருங்கால வைப்பு நிதியில் போடு. ஆண்டுக்கு 500 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை போடலாம். வேலை தருகிறேன், முதலில் டெபாசிட் கட்டு என்று எவர் கேட்டாலும் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேச வேண்டும்.

முதல் மாதம் நான் உன்னோடு வந்திருக்கிறேன். ஆள் வந்து பழகும்வரை சின்னவன் என்னிடம் இருப்பான். வரும் ஆளுக்கும் அவன் சாப்பாடு, தூக்கம் எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடலாம். இப்போது ரயிலில் 60 நாட்களுக்கு முன்புதான் பதிவு திறக்கிறது. லண்டன்காரர் எந்தத் தேதியில் தொடங்கச் சொல்கிறார் என்று எழுது, உத்யான் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்தாகப் பார்த்து அப்பாவை எடுக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா