எஞ்சின் மவுண்டிங்கைப் பசை தடவி ஒட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளில், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்–இரும்புத் துண்டான எஞ்சின் மவுண்டிங் பிய்ந்தால், இரும்பும் ரப்பரும் பிரிந்த இடத்தில் எப்பாக்ஸியோ சூப்பர் குளூவோ தடவி, இறுக்கி முடுக்கி அனுப்பிவிடுகிறார்கள். ரப்பரை உலோகத்தோடு பிணைக்கும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: அந்த ஒட்டு நிற்காது. எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்தால் ரேடியேட்டர் குழாயும் சேர்ந்து இழுபடும்.

மவுண்டிங்கில் உள்ள ரப்பர், செய்து முடித்தபின் ஒட்டப்பட்டது அல்ல. வேகும்போதே இரும்போடு பிணைந்தது. பச்சை ரப்பர்க் கலவை அச்சுக்குள் ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸில் கந்தகத்தால் இறுகும் அதே நேரத்தில்தான் இரும்பின் மேல் பூசிய பிணைப்புப் பூச்சும் ரப்பரோடு வேதிமுறையில் சேர்கிறது. வெந்துபோன ரப்பரில் அந்த வாய்ப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். அதன் மேற்பரப்பில் மெழுகு கசிந்து படிந்திருக்கும், எப்பாக்ஸி சரியாகப் பரவாது. பரவினாலும், எப்பாக்ஸி கல்போல இறுகும், ரப்பரோ நெளியும். எஞ்சின் ஆட ஆட விசை முழுவதும் ஓரத்தில் ஒரே கோட்டில் குவிந்து, வாழைத்தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். சூப்பர் குளூவோ எஞ்சின் சூட்டையும் ஈரத்தையும் வெகுநாள் தாங்காது.

புது மவுண்டிங் கிடைக்கும் வண்டிக்குப் புதிதே போடுங்கள். உதிரிபாகம் கிடைக்காத பழைய டிராக்டருக்கும் ஆலை உருளைக்கும்தான் மறுபிணைப்பு, அதாவது பழைய இரும்பில் புது ரப்பரை வேகவைத்துப் பிணைப்பது. அதில் கெட்டுப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை ரப்பர் அச்சுக்குள் போவதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன.

பழைய ரப்பரை நீக்கியதும் முதலில் எண்ணெய்ப் பசையைக் கழுவவேண்டும். கழுவாமல் கிரிட் பிளாஸ்டிங் (கம்ப்ரசர் காற்றால் துகள்களை அடித்து இரும்பைச் சொரசொரப்பாக்குவது) செய்தால், துகள்கள் அந்த எண்ணெயை இரும்புக்குள்ளேயே அடித்து ஏற்றும். கம்ப்ரசர் காற்றின் முன் ஒரு வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். கறை விழுந்தால் அந்தக் காற்றால் வேலை செய்யக்கூடாது. அலுமினியத்துக்கும் துருப்பிடிக்காத எஃகுக்கும் இரும்புத் துகள் ஆகாது, அலுமினா துகளே வேண்டும். பிளாஸ்டிங் முடிந்தபின் வெறுங்கையால் தொடக்கூடாது.

நம் ஊர்க் காற்றுக்குத் தனிக் கவனம் தேவை. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில், உலோகம் 26 டிகிரிக்குக் கீழே இருந்தாலே அதன்மேல் பனி படியும். கண்ணுக்குத் தெரியாத படலமாகவும் இருக்கலாம். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்துவந்த இரும்பில் உடனே பிரைமர் (பிணைப்புப் பூச்சின் முதல் அடுக்கு) பூசக்கூடாது என்பது இதனால்தான். காற்றின் பனிநிலையைவிட (பனி படியத் தொடங்கும் வெப்பநிலை) உலோகம் 3 டிகிரியாவது சூடாக இருக்கட்டும். மழை நாளில் பிளாஸ்டிங் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பிரைமர் ஏறிவிடவேண்டும்.

பிரைமர் டின்னை அடிவரை நன்றாகக் கலக்குங்கள். திடப்பொருள் அடியில் படிந்துவிடும், மேலே உள்ள தண்ணீரான பகுதியைப் பூசினால் பயனில்லை. காய்ந்தபின் பிரைமர் 5 முதல் 10 மைக்ரான், அதன்மேல் ரப்பரைப் பிடிக்கும் மேற்பூச்சு 15 முதல் 25 மைக்ரான் இருந்தால் போதும். தடிமனாகப் பூசினால் பலம் கூடும் என்பது தவறு. சூடான அச்சில் இரும்பை வைத்துவிட்டு ரப்பர் எடுக்கப் போகாதீர்கள்: பூச்சு தனியாக வெந்துவிடும், பிறகு ரப்பரைப் பிடிக்காது. பூச்சடிக்கும் இடத்தருகே சிலிக்கோன் ஸ்பிரே அறவே கூடாது.

பிணைப்பை எப்படிச் சோதிப்பது? 25 மில்லிமீட்டர் அகல ரப்பர்ப் பட்டையை, பிணைந்த தகட்டிலிருந்து 90 டிகிரியில், நிமிடத்துக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் உரிப்பது வழக்கமான சோதனை. விசை அளவை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம், கிழிந்த முகத்தைப் பாருங்கள். தகடு முழுவதும் ரப்பர் ஒட்டியிருந்தால் ரப்பர்தான் கிழிந்தது, பிணைப்பு நின்றது. இரும்பு பளிச்சென்று தெரிந்தால் சுத்தம் செய்ததில் பிழை. பிரைமர் இரும்பிலும் மேற்பூச்சு ரப்பரிலும் பிரிந்திருந்தால் பூச்சிலும் உலர்த்தலிலும் தேடுங்கள். பூச்சு முழுவதும் இரும்பிலேயே தங்கி ரப்பர் மட்டும் வழுவழுப்பாக வந்தால், பூச்சு முன்கூட்டியே வெந்திருக்கலாம், அல்லது ரப்பர்க் கலவை பழையது. மென்மையான ரப்பர் குறைந்த விசையில் கிழிந்தாலும், தகட்டில் ரப்பர் முழுதாக இருந்தால், அதிக விசையில் வெறும் இரும்போடு பிரிந்த துண்டைவிட அதையே நாங்கள் நம்புவோம்.

உரம் ஏற்றும் லாரிகளில் இன்னொரு தொல்லை. பொட்டாசியம் குளோரைடு உரத்தூள் ஈரம்பட்டு ஓரத்தில் தங்கி, அங்கே தொடங்கும் துரு பூச்சுக்கு அடியில் ஊர்ந்து பிணைப்பைத் தூக்கிவிடும். ஆகவே வெளியே தெரியும் இரும்புக்கும் ஓரத்துக்கும் சாயம் அடிக்காமல் மவுண்டிங்கை வாங்கி வராதீர்கள்.

1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் பால்மரக் கன்று நட்ட வட்டாரம் இது. இங்குள்ள தொழிற்பயிற்சி வகுப்புகளில் வெல்டிங்கோடு இந்தப் பிணைப்பு வேலையையும், உரித்துப் பார்க்கும் சோதனையையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

லாரி உரிமையாளர்களுக்கு ஒன்று: பிய்ந்த மவுண்டிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவாமல், இரண்டு பாதியையும் அப்படியே பையில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். பிழை எங்கே நடந்தது என்பதை அந்த இரண்டு முகங்களில்தான் பார்க்கமுடியும்.

இங்ஙனம்,
ரப்பர்–உலோகப் பிணைப்புப் பணியாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்