ஏசிக்குத் திருகோ, டிக்கியில் ஸ்டெப்னியோ இல்லாத கார்: நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
கொப்பரைக் களம் நடத்தும் உங்கள் வாடிக்கையாளர்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு;
தலைவர், கார் வடிவமைப்புப் பிரிவு.

பொருள்: புதிய காரில் கைக்கு எட்டும் பட்டன்கள் இல்லாததும், ஸ்டெப்னி இல்லாததை விற்கும்போது சொல்லாததும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

சென்ற ஆண்டு ஆவணியில் உங்கள் புது எஸ்யூவியை, இருப்பதிலேயே விலை கூடிய மாடலாகப் பார்த்து வாங்கினேன். இதுவரை 14,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜினில் குறையில்லை, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, ஆறு ஏர்பேக் இருக்கிறது. குடும்பத்தோடு போகிற வண்டி உறுதியாக இருக்க வேண்டும் என்றுதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த விஷயத்தில் எனக்கு வருத்தம் இல்லை.

மூன்று முறை சர்வீஸ் சென்டரில் நேரில் போய்ச் சொல்லியாகிவிட்டது. மூன்று முறையும் “வண்டி நல்லா இருக்குதுங்க சார், டிசைனே அப்படித்தானுங்க” என்று ஜாப் கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். என் புகாரே அந்த டிசைன் மேல்தான் என்பதால், அதைப் போட்டவர்களுக்கே எழுதுகிறேன்.

ஐப்பசியில் தாளவாடியில் மச்சான் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினோம். நான், மனைவி, அம்மா, சின்னப் பையன். பண்ணாரியில் தூறலில் நனைந்துகொண்டே சாமி கும்பிட்டுவிட்டு மலை ஏறினோம். திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டியதும் மழை வலுத்தது, கூடவே மேகமும் ரோட்டுக்கு இறங்கிவிட்டது. உள்ளே நான்கு பேருடைய மூச்சு, ஈரத் துணி. முன்கண்ணாடியின் உள்பக்கம் மளமளவென்று வெள்ளையாக மூடிக்கொண்டது.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்றை உள்ளே விட்டால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். என் பழைய வண்டியில் இதற்கு மூன்று திருகுகள் இருந்தன. ஒன்று காற்றின் வேகத்துக்கு, ஒன்று சூடு குளிருக்கு, ஒன்று காற்று போகும் திசைக்கு. கண் ரோட்டில் இருக்கும், இடது கை தானாகப் போய்த் திருகிவிட்டு கியருக்குத் திரும்பிவிடும். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தத் திருகுகளை நான் குனிந்து பார்த்ததில்லை.

உங்கள் வண்டியில் இந்த மூன்றும் டச் ஸ்கிரீனுக்குள் போய்விட்டன. கீழ்ப்பட்டியில் ஒரு சின்ன ஃபேன் படம், கட்டை விரல் நகம் அளவு. அதைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும். அங்கிருந்து இன்னொரு பக்கம் போனால்தான் கண்ணாடி படம் வரும். என் விரலோ ஈரம். விரல் பட்டதும் ஏற்படும் மின் மாற்றத்தை உணர்ந்து வேலை செய்யும் திரைக்கு ஈரம் பட்டால் குழப்பம்தான். தொட்டேன், கேட்கவில்லை. மறுபடி தொட்டேன், பாட்டு மாறியது. மூன்றாவது தடவை தொடும்போது மேலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு இறங்குகிறது. “ஏனுங்க, ஒண்ணுமே தெரியலீங்க, ஓரமா நிறுத்திப் போடுங்க” என்று மனைவி பதறினாள். கொண்டை ஊசி வளைவில் எங்கே ஓரம்? அவள் எட்டி முந்தானையால் துடைத்துவிட்டாள். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் தெளிந்தது. அந்த ஓட்டை வழியாகப் பார்த்துத்தான் வளைவைத் திருப்பினேன். பின் சீட்டில் அம்மா வாய்விட்டு பண்ணாரித் தாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்ததும் சர்வீஸ் சென்டரில் சொன்னேன். “டிசைனே அப்படித்தானுங்க, ஆனா சாஃப்ட்வேர் அப்டேட் வருதுங்க, சரியாயிடும்” என்றார்கள். தை மாதம் அப்டேட் வந்தது. ஃபேன் படம் இடது மூலையிலிருந்து நடுவுக்கு நகர்ந்திருந்தது. நாலைந்து மாதம் பழகி, என் கை ஒருவழியாகக் கற்றுக்கொண்டிருந்த இடத்தையும் மாற்றிவிட்டீர்கள். இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எப்படிச் சொல்வது? வீட்டு சுவிட்ச் போர்டை ராத்திரியில் யாரோ கழற்றி வேறு சுவரில் மாட்டிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? மனிதக் கை இடத்தை வைத்துத்தான் பழகுகிறது. திருகு என்றால் தொட்டதும் திருகு என்று தெரியும், எத்தனை சுற்று போயிருக்கிறது என்று விரலே சொல்லும். வழவழவென்ற கண்ணாடியில் எல்லா இடமும் ஒன்றுபோல இருக்கும். கண் அங்கே போய்த்தான் தீர வேண்டும்.

நான் ஒருவன் மட்டும் சொல்கிற குறையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022இல் சுவீடன் நாட்டு மோட்டார் பத்திரிகை ஒன்று இதைச் சோதித்தது. வெப்பத்தைக் கூட்டுவது, கண்ணாடிப் புகையை நீக்குவது, ரேடியோ மாற்றுவது போன்ற நான்கு வேலைகளை மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செய்யச் சொன்னார்கள். பட்டனும் திருகும் இருந்த 2005ஆம் ஆண்டு வோல்வோ வி70 காரில் எல்லாம் முடிய 10 வினாடி ஆனது, அதற்குள் வண்டி 306 மீட்டர் போயிருந்தது. புதிய டச் ஸ்கிரீன் கார்களில் கடைசியாக வந்ததற்கு 44.9 வினாடி, 1,372 மீட்டர். அவ்வளவு தூரமும் ஓட்டுநரின் கவனம் பாதி ஸ்கிரீனில். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பும் இதைக் கையில் எடுத்துவிட்டது. இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு, இந்த ஐந்துக்கும் கையால் தொட்டு அறியும் தனிப் பட்டன் இருந்தால்தான் 2026 முதல் அதற்கான மதிப்பெண் என்று அறிவித்தது. முன்கண்ணாடிப் புகை நீக்குவது அந்த ஐந்தில் இல்லை. திம்பம் ஏறிய நான் அதை ஆறாவதாகச் சேர்ப்பேன்.

எங்கள் பக்கம் வண்டியைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. நாமக்கல், திருச்செங்கோட்டில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள், கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறார்கள். என் மாமன் லாரி வாங்கியபோது பாடி கட்ட விட்டிருந்த திருச்செங்கோட்டுப் பட்டறைக்கு நானும் கூடப் போயிருக்கிறேன். கேபின் வேலை பார்த்த ஆசாரி முதலில் மாமனைக் கூப்பிடவில்லை, டிரைவரைக் கூப்பிட்டார். சீட்டில் உட்கார வைத்து, “கையை நீட்டு தம்பி, முதுகு சீட்டை விட்டு வரக் கூடாது” என்றார். விரல் நுனி தொட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். சுவிட்ச் எல்லாம் அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் வந்தது. தண்ணி பாட்டில் வைக்கிற இடம்கூட அப்படி அளந்ததுதான். உங்களிடம் எத்தனையோ கம்ப்யூட்டர் இருக்கும், எத்தனையோ இன்ஜினியர்கள் இருப்பார்கள். அந்தச் சாக்பீஸ் கோட்டை யாராவது போட்டுப் பார்த்தீர்களா என்பதே என் கேள்வி.

அடுத்தது ஸ்டெப்னி.

2020இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி வைக்காமல் விற்கலாம் என்று ஆனது. ‘விற்கலாம்’ என்றுதான் விதி. ஸ்டெப்னி கூடாது என்று அரசு சொல்லவில்லை.

மார்கழியில் ஒரு ராத்திரி வெள்ளகோவில் பக்கம் துக்க வீட்டுக்குப் போய்விட்டு அம்மாவோடு திரும்பினேன். ரோட்டில் பாலம் வேலை நடந்ததால் இட்டேரி வழியாக வந்தோம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற தடம். மண்ணில் புதைந்திருந்த கல்லின் விளிம்பு இடது முன் டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. ரிம் பெரிதாக இருந்தால் போட்டோவில் வண்டி அழகாகத் தெரியும், சரி. ஆனால் ரிம் பெருக்கப் பெருக்க, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குறைந்துகொண்டே போகிறது. எங்கள் தடங்களுக்கு அந்த ரப்பர்தான் வேண்டும்.

டிக்கி விரிப்பைத் தூக்கினேன். ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் ஒரு ஃபோம் தட்டு, அதில் ஒரு சின்னக் கம்ப்ரசர், ஒரு பசை பாட்டில். ஆணி குத்திய ஓட்டையை அந்தப் பசை அடைக்கும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு ஆகாது என்று உங்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. இருந்தாலும் வேறு வழியில்லாமல் செலுத்திப் பார்த்தேன். பால் போல வெள்ளையாக, கிழிசல் வழியே வடிந்து மண்ணில் ஊறிப்போனதை மொபைல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன். உதவி எண்ணில் பேசியவர் வண்டி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார். இட்டேரிக்குள் வராது, மெயின் ரோடு வரை கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். டயர் கிழிந்த வண்டியை எப்படிக் கொண்டு வருவது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. பெரியப்பா மகன் பைக்கில் வந்து, 71 வயது அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து மெதுவாகக் கூட்டிப் போனார். நான் விடியும் வரை வண்டியிலேயே கிடந்தேன். அந்த அளவு டயர் பக்கத்துக் கடைகளில் இல்லை, ஈரோட்டிலிருந்து வரவழைத்தோம். இரண்டு நாள் வண்டி இட்டேரியில் நின்றது. ஸ்டெப்னியும் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருந்திருந்தால் இருபது நிமிட வேலை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. டெஸ்ட் டிரைவுக்குக் கொடுத்த வண்டியில் ஸ்டெப்னி இருந்தது, நான் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். அது விலை குறைந்த மாடல். “மேல் மாடலிலும் எல்லாம் இதேதானுங்க, கூடுதலாத்தான் வரும்” என்று ஷோரூமில் சொன்னார்கள். கூடுதலாகப் பணம் கொடுத்தவனுக்கு ஒரு சக்கரம் குறைந்தது. கேட்டபோது விளம்பரத் தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தைக் காட்டினார்கள்.

அம்மா இந்த வண்டியில் பின்னால் ஏற மறுக்கிறார். கூரையைப் பின்பக்கம் சரித்து இறக்கியிருக்கிறீர்கள், கதவின் மேல்விளிம்பும் கூடவே இறங்கிவிட்டது. மூட்டு வலிக்காரர் காலைத் தூக்கி வைக்கும்போது தலையையும் குனிய வேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில் அவருக்கு முடிவதில்லை. இரண்டு தடவை நெற்றி இடித்துக்கொண்டார். ஐயன், அதாவது என் அப்பா, வைத்திருந்த அம்பாசடரில் இதே அம்மா, சேலை கசங்காமல், வீட்டு நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து எழுவார். பையனுக்கும் பின்னால் கஷ்டம்தான். கண்ணாடியின் கீழ்விளிம்பை அவ்வளவு உயரத்தில் வைத்துவிட்டதால் அவனுக்கு வெளியே வானம் மட்டும்தான் தெரிகிறது. வெளியே பார்க்க முடியாத குழந்தைக்கு வளைவில் வாந்தி வரத்தான் செய்யும். பழைய வண்டியில் அவன் ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

பின்கண்ணாடி சின்னதாகப் போனதற்கு கேமரா இருக்கிறதே என்பீர்கள். களத்துத் தூசியும் மழைச் சேறும் கேமராவை மூடிவிடுகின்றன. பளபளக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் இரண்டே மாதத்தில் கீறல். ஹெட்லைட்டை பம்பருக்குள் இறக்கி வைத்திருக்கிறீர்கள், பார்க்கிங்கில் ஒரு பைக் உரசினாலே மொத்த விளக்கையும் மாற்றச் சொல்கிறார்கள். சன்ரூஃப் வழியாக வருகிற வெயிலை ஏசி அடக்க வேண்டியிருக்கிறது. இவற்றை நான் பொறுத்துக்கொள்வேன். மேலே சொன்ன டச் ஸ்கிரீன், ஸ்டெப்னி இரண்டையும் பொறுத்துக்கொள்ள முடியாது, அவை உயிர் சம்பந்தப்பட்டவை.

நான் கேட்பது இவ்வளவுதான். ஸ்டீயரிங்கில் நட்சத்திரம் போட்ட ஒரு பட்டன் இருக்கிறது, இப்போது அது பாட்டுப் பட்டியலைத்தான் திறக்கிறது. அதை அழுத்தினால் முன்கண்ணாடிப் புகை நீங்கும்படி அடுத்த அப்டேட்டில் மாற்றிக் கொடுங்கள். அதற்கப்புறம் அதை இடம் மாற்றாதீர்கள். என் வண்டிக்கு முழு அளவு ஸ்டெப்னியும் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் உங்கள் செலவில் தர வேண்டும். குழியை நானே டேப் வைத்து அளந்தேன், சக்கரம் உட்காரும். இனி விற்கும் மாடல்களில் ஸ்டெப்னி இல்லையென்றால் புக்கிங் ஃபாரத்திலேயே பெரிய எழுத்தில், தமிழில் எழுதி, வாடிக்கையாளரிடம் படித்துக் காட்டுங்கள்.

30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நான் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அங்கே போக எனக்கு ஆசையில்லை. இந்த வண்டியை இன்னும் பத்து வருடம் ஓட்டத்தான் ஆசை.

உங்கள் டிசைன் பிரிவிலிருந்து ஒருவரை மழைக் காலத்தில் அனுப்புங்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை அவரே ஓட்டட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். கண்ணாடி மூடுகிற இடத்தில், ஈர விரலோடு, அந்த ஃபேன் படத்தை அவர் தேடிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: மூன்று ஜாப் கார்டு நகல்கள், டயர் வாங்கிய பில், கிழிந்த டயர் மற்றும் டிக்கிக் குழியின் போட்டோக்கள்.