மன்றத்துத் தம்பிகளே, என் மகனுக்குப் பதினாறு வயது

எந்த நடிகரின் மன்றமாக இருந்தாலும் சரி, அதன் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பில் இருக்கிற எல்லோருக்கும் திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா எழுதுகிற மடல் இது. எந்த மன்றம், எந்த நடிகர் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த நிமிஷமே இது அவர் ரசிகருக்கும் இவர் ரசிகருக்கும் நடக்கிற சண்டையாகிவிடும், என் பையன் விஷயம் காணாமல் போய்விடும்.

நான் சினிமாவை வெறுக்கிறவள் இல்லை. எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். படம் இருக்கிறது. அத்தை, அதாவது என் மாமியார், தினமும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் விளக்கேற்றுவார். 1973 மே மாதம் திண்டுக்கல்லில் இடைத்தேர்தல் நடந்தபோது அவருக்கு 15 வயது. அ.தி.மு.க. ஆரம்பித்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, இரட்டை இலைச் சின்னத்தில் மாயத்தேவர் நின்று ஜெயித்த தேர்தல் அது. பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்த அவருடைய அப்பா, வேலை முடிந்து வந்ததும் சுண்ணாம்பு வாளியும் பச்சைச் சாயமுமாகக் கிளம்பிவிடுவாராம், கூட லாந்தர் பிடித்துக்கொண்டு போனது அத்தைதான். அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது எங்கள் வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை என்பார்.

என் வீட்டுக்காரர் விஜயகாந்த் ஆள். 2005 செப்டம்பர் 14-ஆம் தேதி மதுரையில் தே.மு.தி.க. தொடங்கிய மாநாட்டுக்கு மில்லில் லீவு சொல்லிவிட்டு வேனில் தொங்கிக்கொண்டு போனவர். அப்போது அவருக்கு 24 வயது. 2023 டிசம்பரில் கேப்டன் போய்விட்டார் என்று டிவியில் சொன்னபோது, தன் அப்பா இறந்ததற்குக்கூட எங்கள் முன்னால் அழாத மனுஷன், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதார். அதனால் ஒரு நடிகரை இவ்வளவு நேசிக்க முடியுமா என்று உங்களிடம் கேட்கிற ஆள் நான் இல்லை. முடியும். பார்த்திருக்கிறேன்.

உங்கள் மன்றத்தின் மேலும் எனக்கு மரியாதை இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தைக்கு ஆபரேஷன். ரத்தம் வேண்டும் என்று ராத்திரி பத்து மணிக்குச் சொல்கிறார்கள், அத்தைக்கு ஓ நெகட்டிவ், சொந்தத்தில் ஒருவருக்கும் அது இல்லை. என் பையன் யாரிடமோ போன் நம்பர் வாங்கி உங்கள் மன்றத்துக்குப் பேசினான். முக்கால் மணி நேரத்தில் இரண்டு பேர் பைக்கில் வந்து நின்றார்கள். காசு பேச்சே இல்லை. நான் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் "பாட்டியப் பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் பையன் அவர்கள் பின்னாலேயே ஓடி, "அண்ணா, அடுத்த தடவை யாருக்காவது தேவைன்னா நானும் குடுக்கிறேன்" என்றான். அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே அவன் தலையில் கை வைத்து, "பதினெட்டு ஆகட்டும்டா தம்பி, அதுக்கு முன்னாடி எடுக்க மாட்டாங்க" என்றார்.

அன்றைக்குத்தான் அவன் உங்கள் பையன் ஆனான். நானும் தடுக்கவில்லை. நல்ல பிள்ளைகளோடுதானே சேருகிறான் என்று நினைத்தேன்.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் வாட்ஸ்அப் குழு. ஹேஷ்டேக் போடுவதற்கு நேரம் குறித்து, இத்தனை மணிக்கு ஆளுக்கு இத்தனை பதிவு என்று கணக்குக் கேட்டார்கள். பாடப் புத்தகத்துக்கு நடுவில் போனை வைத்துக்கொண்டு இரவு ஒன்றரை வரைக்கும் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவன் தூங்கிய பிறகு எடுத்துப் பார்த்தேன். இன்னொரு நடிகரின் ரசிகன் ஒருவனுக்கு, அவனும் இவன் வயசுதான் இருப்பான், அவனுடைய அம்மாவைப் பற்றி என் மகன் எழுதியிருந்த வார்த்தையை என்னால் இங்கே எழுத முடியாது. எனக்கே யாரோ சொன்ன மாதிரி உடம்பு பதறிவிட்டது. குழுவில் இருந்த பெரியவர்கள் அதற்குக் கைதட்டல் பொம்மை போட்டிருந்தார்கள். அந்தப் பெரியவர்களைத்தான் கேட்கிறேன், உங்கள் வீட்டில் பிள்ளை இல்லையா?

பிறகு படம் வெளியானது. முதல் நாள் ராத்திரி நண்பன் வீட்டில் படிக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கட்அவுட் கட்ட வந்திருக்கிறான். சவுக்குக் கம்பில் கட்டிய சாரம். ஒல்லியாக இருக்கிறான், எடை குறைவு, கம்பு தாங்கும் என்று அவனையே மேலே ஏறச் சொல்லியிருக்கிறார்கள், தோளில் மாலை, கையில் பால் பாக்கெட். பால் வழிந்த கம்பில் கால் வைத்திருக்கிறான். பத்துப் பன்னிரண்டு அடி உயரம். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பும் முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. தலை கீழே அடிபடாமல் தப்பியது முருகன் செயல் என்று அத்தை சொல்கிறார், நான் அதற்கு மேல் யோசிக்கப் பயந்து நிறுத்திவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிவந்தது அவன் வயசுப் பையன்கள் இரண்டு பேர். விடிய விடிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மன்றத்திலிருந்து ஒரு போன் வந்தது, எப்படி இருக்கிறான் என்று கேட்பார்கள் என நினைத்து எடுத்தேன். "அக்கா, போலீஸ் கேட்டா மன்றம் பேரச் சொல்லிராதீங்க" என்றார்கள். மறுநாள் பையன் எழுந்ததும் கேட்டது போனைத்தான், அவனைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். கை வலிக்குக்கூட அழாதவன் அதைப் பார்த்து அழுதான்.

எனக்கு இதில் ஒன்றுதான் புரியவில்லை. ரத்தம் கொடுக்கப் பதினெட்டு ஆகட்டும் என்று அவனை அன்போடு திருப்பி அனுப்பியது உங்கள் மன்றம்தானே? ஒரு பாட்டில் ரத்தத்துக்குப் பார்த்த வயதை, சாரத்தில் ஏற்றும்போது ஏன் பார்க்கவில்லை?

2023 ஜனவரியில் சென்னையில் படம் வெளியான அன்று, லாரி மேல் ஏறி ஆடிய 19 வயதுப் பையன் கீழே விழுந்து இறந்து போனான். 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி கரூரில் கூட்ட நெரிசலில் 41 பேர் போனார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். கரூர் எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். தப்பு யாருடையது என்பதை விசாரிக்கிறவர்கள் சொல்லட்டும், நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. அன்று ராத்திரி என் பிள்ளை பாயில் படுத்திருக்கிறானா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன், அதை மட்டும் சொல்கிறேன்.

வயது குறைந்த பையன்களை ஒதுக்கினால் கூட்டம் குறையும், அடுத்த மன்றத்துக்காரன் சிரிப்பான் என்று உங்களுக்குத் தோன்றலாம். 2011-ல் அஜித் தன் மன்றங்களையே கலைத்தார். அவர் படத்துக்குக் கூட்டம் குறைந்ததா? உங்களைக் கலைக்கச் சொல்லவில்லை. இன்னொரு வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு ரத்தம் தேவைப்படும், நீங்கள் இருக்க வேண்டும். கட்அவுட் கட்டுகிற இடத்திலும் ஊர்வலத்திலும் கட்சிக் கூட்டத்துக்குப் போகிற வேனிலும், பள்ளிக்கூடப் பையன் வந்து நின்றால் வீட்டுக்கு அனுப்புங்கள் என்கிறேன். போகமாட்டேன் என்று அடம் பிடிப்பான். அவன் அப்பா நம்பரைக் கேட்டு ஒரு போன் போடுங்கள். திட்ட மாட்டோம், ஓடி வந்து கூட்டிப் போவோம். அந்த வாட்ஸ்அப் குழுவிலும் அவன் வாயில் கெட்ட வார்த்தை வந்தால், கைதட்டாமல் ஒரு அண்ணனாக அதட்டுங்கள். நாங்கள் சொன்னால் கேட்காதவன் நீங்கள் சொன்னால் கேட்கிறான், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கட்டைப் பிரித்துவிட்டார்கள். இன்னும் பேனாவை அழுத்திப் பிடிக்க வரவில்லை, சாயங்காலம் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உங்கள் மேல் அவனுக்குக் கோபம் இல்லை, அடுத்த படம் எப்போது என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் அப்பா, நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார், காலை ஒன்பது மணிக் காட்சிக்கு. அன்றைக்கு வாசலில் அவனைப் பார்த்தால் கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
திண்டுக்கல்