ஆட்டம் முடிந்த பிறகு தொடங்கும் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து எங்கள் மாவட்டத்தில் செஸ் கற்க வரும் பிள்ளைகளின் கூட்டம் வெகுவாகப் பெருகியிருக்கிறது. தங்கள் நாளிதழும் மாவட்டப் போட்டிகளின் முடிவுகளைப் படத்துடன் வெளியிட்டு ஊக்கம் அளித்து வருகிறது. பணி ஓய்வுக்குப் பின் மாலை வேளைகளில் பள்ளி மாணவர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து வருபவன் நான். "இத்தனை போட்டிகளில் ஆடியும் என் பிள்ளை ஏன் முன்னேறவில்லை?" என்று பெற்றோர்கள் ஓயாமல் கேட்கும் கேள்விக்குத் தங்கள் நாளிதழ் வழியாகச் சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

நீண்ட நேர ஆட்டங்களில் ஆடுபவர் ஒவ்வொரு நகர்த்தலையும் தம் கைப்பட எழுதியாக வேண்டும் என்பது சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. ஆட்டம் முடிந்து இருவரும் கையெழுத்திட்டதும் மூலத் தாள் நடுவரிடம் போய்விடும். அடியில் இருக்கும் நகல் ஆடியவருக்கு. அந்த நகலை நாற்காலியிலேயே விட்டுவிட்டு அடுத்த சுற்றின் ஜோடிப் பட்டியலைப் பார்க்க ஓடும் பிள்ளைகளை எந்தப் போட்டி அரங்கிலும் காணலாம். பெற்றோரும் "ஜெயிச்சியா, தோத்தியா?" என்று மட்டுமே கேட்கிறார்கள். முன்னேற்றத்துக்கான பாடம் முழுவதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது என்பதே என் உறுதியான கருத்து.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் பொறுமை வேண்டும். அன்று மாலையோ மறுநாளோ, கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, பலகையில் காய்களை அடுக்கி ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் என்ன நினைத்து ஆடினோம், எதிராளியின் எந்த நகர்த்தல் நமக்குத் தெரியாமலே போயிற்று என்பதைத் தாளின் ஓரத்திலேயே எழுத வேண்டும். அண்மையில் ஒரு மாணவியின் தாள்களை இவ்வாறு வரிசையாக வைத்துப் பார்த்தோம். அவள் தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் ராணிகள் வெட்டுப்பட்டு வெளியேறிய சில நகர்த்தல்களுக்குள் ஒரு சிப்பாய் வீணாகப் பறிபோயிருந்தது. ராணி போனால் ஆபத்தும் போய்விட்டது என்று எண்ணிக் காய்களை மளமளவென்று நகர்த்தியதோடு, கோட்டை கட்டிய மூலையிலேயே தன் ராஜாவை விட்டுவைத்திருந்தாள்; எதிராளியின் ராஜாவோ அதற்குள் பலகையின் நடுவுக்கு வந்து சிப்பாய்களைத் தின்னத் தொடங்கியிருந்தது. ராணிகள் வெளியேறிய பின் ராஜாவும் படையில் சேர வேண்டிய ஒரு காய் என்பதை வகுப்பில் பலமுறை சொல்லியிருந்தும், தன் கையெழுத்தில் அதைப் பார்த்த பிறகே அவளுக்கு அது உறைத்தது.

இந்த முறை நான் கண்டுபிடித்ததன்று. 1948-இல் உலக சாம்பியனாகி, பிற்காலத்தில் கார்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் ஆகியோருக்குப் பாடம் சொன்ன சோவியத் வீரர் போட்வின்னிக், தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து எழுதுவதையே பயிற்சியின் அடிப்படையாக வலியுறுத்தியவர். இன்று பிள்ளைகள் ஆட்டம் முடிந்த மறுநிமிடமே அதைக் கணினியில் ஏற்றுகிறார்கள். கணினி எந்த நகர்த்தல் பிழை என்று நொடியில் காட்டிவிடும். அந்தப் பிழையை அந்தப் பிள்ளை ஏன் செய்தது என்பது அதற்குத் தெரியாது. குகேஷ் தம் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் கற்ற தொடக்க ஆண்டுகளில் கணினியின் துணையின்றியே நிலைகளைக் கணித்துப் பழகினார் என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். கணினியை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொந்த ஆராய்ச்சி முடிந்த பிறகு, அதைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தலாம்.

அடுத்து, இறுதியாட்டம்; அதாவது பெரும்பாலான காய்கள் வெட்டுப்பட்ட பின் வரும், ஆட்டத்தின் கடைசிப் பகுதி. எங்கள் பகுதியில் பத்து வயதுப் பிள்ளைகள் சிசிலியன் தற்காப்பு, லண்டன் சிஸ்டம் போன்ற தொடக்க ஆட்ட முறைகளில் பன்னிரண்டு நகர்த்தல்களை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அதே பிள்ளைகளிடம் பலகையில் மூன்றே காய்களை வைத்துக் கேட்டால் திகைக்கிறார்கள். வெள்ளை ராஜா நடுவில் ஐந்தாம் வரிசையில் நிற்கிறது. அதற்கு நேர் பின்னே நான்காம் வரிசையில் வெள்ளைச் சிப்பாய். அதே நேர்கோட்டில் ஏழாம் வரிசையில் கறுப்பு ராஜா. இரு ராஜாக்களுக்கும் இடையே ஒரே ஒரு கட்டம் காலி. இப்போது ஆட வேண்டியது கறுப்பு என்றால் வெள்ளை வெல்லும். ஆட வேண்டியது வெள்ளை என்றால், கறுப்பு சரியாக ஆடினால் ஆட்டம் டிராவில் முடியும். எதிரெதிர் நிற்கும் ராஜாக்களில் முதலில் விலக வேண்டியவர் வழிவிட்டாக வேண்டும் என்ற இந்த ஒரு கருத்தைப் பலகையில் பத்து முறை ஆடி உணர்ந்த பிள்ளை, காய்களைப் பரிமாறலாமா கூடாதா என்பதைத் தானே முடிவு செய்யத் தொடங்கிவிடும். 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்த கியூப வீரர் கபபிளாங்கா, கற்பவர்கள் இறுதியாட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று வலியுறுத்தியதன் காரணமும் இதுதான்.

இது தொடக்க நிலையினருக்கு மட்டும் உரிய பாடம் என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூரில் பதினான்காவது, அதாவது கடைசி ஆட்டம் தொடங்கியபோது குகேஷும் அப்போதைய உலக சாம்பியனான சீனாவின் டிங் லிரெனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளிகளுடன் சமநிலையில் இருந்தனர். அந்த ஆட்டத்திலும் டிங்குக்கு ஒரு சிப்பாய் குறைவே தவிர, நிலை டிராவை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் டிங் தம் யானையை இரண்டாம் வரிசைக்கு இறக்கிப் பரிமாற்றத்துக்கு வழிவிட்டார். யானைகள் வெட்டுப்பட்டதும், பலகையின் மூலையில் கிடந்த அவருடைய மந்திரிக்கு எதிராகக் குகேஷ் தம் மந்திரியைக் கொண்டுவந்து நிறுத்த, அதற்குத் தப்ப வழியில்லை. மந்திரிகளும் பரிமாறப்பட, எஞ்சியவை ராஜாக்களும், கறுப்பில் ஆடிய குகேஷின் இரு சிப்பாய்களும், வெள்ளையில் ஆடிய டிங்கின் ஒரு சிப்பாயும்தான். 58-ஆவது நகர்த்தலுக்குப் பின் டிங் ஆட்டத்தைக் கைவிட்டார். டிங் யானையை இறக்கியதும் தாம் வேறொரு நகர்த்தலை ஆடவிருந்ததாகவும், மந்திரி சிக்கிக்கொள்வதை அதன் பிறகே கவனித்ததாகவும் குகேஷ் பின்னர் கூறினார். கை நீளும் முன் இன்னொரு முறை பலகையைப் பார்த்த அந்தப் பழக்கமும், எஞ்சும் சிப்பாய் இறுதியாட்டம் வெற்றி என்ற தெளிவும் சேர்ந்தே பதினெட்டு வயதில் அவரை உலக சாம்பியன் ஆக்கின.

கைபேசியில் மூன்று நிமிட ஆட்டங்களை இரவு முழுதும் ஆடும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைக் கண்டித்தால், சிறுவயதில் சென்னை டால் செஸ் கிளப்பில் ஆனந்த் மின்னல் வேகத்தில் ஆடியே வளர்ந்தார் என்று பதில் வருகிறது. அது உண்மைதான். ஆனால் அங்கே எதிரே உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அவரினும் மூத்த, தேர்ந்த ஆட்டக்காரர்கள்; தோற்றவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, அடுத்தவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். யார் என்றே தெரியாத ஒருவரிடம் தோற்றதும் பொத்தானை அழுத்தி அடுத்த ஆட்டத்துக்குப் போவதோடு அதை ஒப்பிட முடியாது.

ஆட்டத் திறனை அளக்கும் ரேட்டிங் புள்ளிகள் பற்றிய கவலையையும் பெற்றோர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, 2300-க்குக் குறைந்த ரேட்டிங் உடையவர்களுக்கு ஃபிடே கணக்கில் மாற்றக் குணகம், அதாவது ஓர் ஆட்டத்தின் முடிவு ரேட்டிங்கை எவ்வளவு மாற்றும் என்பதைத் தீர்மானிக்கும் எண், 40. அதே ரேட்டிங் உடைய எதிராளியிடம் வென்றால் 20 புள்ளி ஏறும், தோற்றால் 20 இறங்கும். ஒரே வார இறுதியில் நூறு புள்ளி ஏறுவதும் இறங்குவதும் இதனால் இயல்பே. அதை வைத்து பிள்ளையைத் திட்டுவதோ பயிற்சியாளரை மாற்றுவதோ தவறு. ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு ஊருக்குப் பேருந்து ஏறுவதற்குப் பதிலாக, மாதம் ஒரு போட்டியில் ஆடி, எஞ்சிய ஞாயிறுகளில் அந்தத் தாள்களை ஆராய்ந்தால் பலன் கூடும்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். 1970-களின் இறுதியில் குடும்பத்துடன் மணிலாவில் வசித்தபோது, பகலில் தொலைக்காட்சியில் வந்த செஸ் புதிர்களை ஆனந்தின் தாயார் குறித்து வைத்துக்கொள்வாராம். பள்ளியிலிருந்து மகன் திரும்பியதும் இருவரும் சேர்ந்து விடை காண்பார்களாம். இதை ஆனந்தே பலமுறை சொல்லியிருக்கிறார். தங்கள் மாணவர் பகுதியில் வாரம் ஒரு சிறு பலகைப் படம், பெரும்பாலும் இறுதியாட்ட நிலை, வெளியிட்டு, விடையை அடுத்த வாரம் காரணத்துடன் தந்தால், பயிற்சி மையத்துக்குக் கட்டணம் செலுத்த இயலாத வீடுகளிலும் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார ஒரு வாய்ப்புக் கிடைக்கும். மாவட்ட செஸ் சங்கங்களும் போட்டி நாளில் ஓர் அறையையும் சில பலகைகளையும் ஒதுக்கி, ஆட்டம் முடிந்த இருவரும் மூத்த வீரர் ஒருவர் முன்னிலையில் அதை மீண்டும் ஆடிப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
விருதுநகர்.