கூலிக்குக் கதை எழுதப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஆடியோ ஆப் ஒன்றுக்கு 80 அத்தியாயத் தொடர் கேட்கிறார்கள், கதைச் சுருக்கம் அவர்களுடையது, உன் பெயர் வராது, கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம்மா. கூலிக்கு எழுதுவதில் ஓர் இழுக்கும் இல்லை. நம் சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் வியாபாரியின் வெள்ளியை எடை போட்டுத்தான் வாங்குவார்கள். கொலுசாகத் திருப்பித் தரும்போதும் எடை, சேதாரம், கூலி எல்லாம் கணக்கில் ஏறும். கதைக்கும் அந்தக் கணக்கு வேண்டும்.

ஏற்காடு அடிவாரத்தில் 1930களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் மாதச் சம்பளத்துக்கு எழுதியவர்கள் உண்டு. இன்றைய சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் சம்பள வேலையில் எழுதியது முதலாளிக்குச் சொந்தம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அது. நீ சம்பளக்காரி இல்லை, அதனால் எழுதியதற்கு முதல் உரிமையாளர் நீதான். நீ கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால்தான் அது அவர்களுக்குப் போகும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது 19ஆம் பிரிவு. "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று ஒப்பந்தங்களில் எழுதுவது இதனால்தான். அந்த வரி இருந்தால் கூலியை ஏற்றிக் கேள். ஆடியோவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, அச்சுப் புத்தகத்தையும் வெப் சீரிஸையும் தனியாகப் பேச முடியுமா என்றும் கேட்டுப் பார்.

சொல்லுக்கு இவ்வளவு என்று பேசாதே. தமிழில் அது வழுக்கும். "வந்துகொண்டிருந்தாள்" ஒரு சொல். "வந்து கொண்டு இருந்தாள்" என்று பிரித்தால் மூன்று. நீ பிரித்து எழுதியதை எடிட்டர் சேர்த்தால் உன் கூலி குறையும், அவர்மேல் குற்றமும் சொல்ல முடியாது. அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று பேசி, நீளத்தை நிமிடத்தில் குறி. ஒரு பக்கத்தை வாய்விட்டு, உரையாடலில் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, செல்போனில் நேரம் பார்த்துப் படி. ஓர் அத்தியாயம் பத்து நிமிடம் என்றால் எத்தனை பக்கம் வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

சண்டை பெரும்பாலும் திருத்தத்தில்தான் வரும். அத்தியாயத்துக்கு இரண்டு முறை இலவசம். அவர்களே ஒப்புக்கொண்ட சுருக்கத்தை மீறி மாற்றச் சொன்னால் அது புது வேலை, தனிக் கூலி. இதை எழுத்தில் வாங்கு. ஆனால் சுருக்கத்தில் இருக்கும் பிழையை எழுதத் தொடங்கும் முன் நீதான் பிடிக்க வேண்டும். ஏற்காட்டுக் கதையில், மே மாதக் கோடை விழா நேரத்தில் நாயகி காப்பிப் பழம் பறிக்கிறாள் என்று வந்தால் அன்றே சொல்லிவிடு. கோடை மழைக்குப் பூத்துப் பிஞ்சு பிடிக்கிற பருவம் அது. பழம் பறிப்பு நவம்பர் வாக்கில்தான் சூடு பிடிக்கும். நாற்பதாவது அத்தியாயத்தில் கண்டுபிடித்தால் விழாவையே தூக்க வேண்டியிருக்கும்.

முதல் நாளே ஒரு நோட்டுப் போடு. பெயர், வயது, ஊர் மட்டும் போதாது. யார் யாரை "நீ" என்கிறார்கள், யார் "நீங்க" என்கிறார்கள், அண்ணியா அக்காவா, எந்த அத்தியாயத்தில் அது மாறுகிறது என்றும் எழுது. காதில் கேட்பவர்களுக்கு உறவு தெரிவது அந்த விளிகளில்தான். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் "மாமா" என்றவள் காரணமில்லாமல் முப்பதாம் அத்தியாயத்தில் "அத்தான்" என்றால் கேட்பவர் உடனே பிடித்துவிடுவார்.

பணம் "ஒலிபரப்பானதும்" என்று இருந்தால் அடித்துவிட்டு "ஒப்படைத்த 15 நாளில்" என்று மாற்றச் சொல். தொடரை அவர்கள் பாதியில் கைவிட்டால் ஒலிபரப்பே இருக்காது. பத்துப் பத்து அத்தியாயமாகக் கொடு. முதல் பத்துக்குப் பணம் வராமல் மூன்றாம் பத்தைத் தொடாதே. நிறுத்தினால், எழுதி முடித்ததற்கு முழுக் கூலி என்றும் ஒரு வரி வேண்டும்.

உன் சொந்த நாவலுக்காக வைத்திருக்கும் அந்த, சேலம் குகை வட்டாரத்துப் பாட்டியை இதில் இறக்கிவிடாதே. அவசரத்தில் கை அங்கேதான் போகும். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகு அவளைத் திரும்பக் கேட்க முடியாது. அவர்களுடைய கதைக்கு அவர்களுடைய வெள்ளி போதும்.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. திருத்தம், பணம், உரிமை மூன்றையும் அவர்களிடம் போனில் பேசாதே. மெயிலில் கேட்டு, பதிலை மெயிலிலேயே வாங்கு.

அன்புடன்,
அக்கா