அந்தோனியோ கேட்ஸ் தற்செயலாக வந்தவர் அல்லர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரியில் பல விளையாட்டுகளை ஆடிவிட்டு அமெரிக்கக் கால்பந்தைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். கால்பந்து, பேஸ்பால் இரண்டையும் ஆடிய போ ஜாக்சன் பகுதி அருமை. ஆனால் அந்தோனியோ கேட்ஸைக் கூடைப்பந்தில் வழியில்லாமல் கால்பந்துக்குத் தாவி, அதிர்ஷ்டத்தால் ஜெயித்தவர் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் ஆடிய கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எனக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

டெட்ராய்ட்டில் பள்ளி நாட்களிலேயே கேட்ஸ் கூடைப்பந்து, கால்பந்து இரண்டிலும் பெயர் எடுத்தவர். கல்லூரியிலும் இரண்டையும் ஆடலாம் என்று நம்பித்தான் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன், கால்பந்து மட்டும் போதும் என்றார். கேட்ஸ் கூடைப்பந்தை விட மறுத்து வெளியேறினார். பிறகு வேறு சில கல்லூரிகள் மாறித்தான் கென்ட் ஸ்டேட் வந்து சேர்ந்தார். கல்லூரிக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. அவர் விரும்பியா அதை விட்டார்?

2002 தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் கென்ட் ஸ்டேட் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக வந்ததற்கு அவர் பெரிய காரணம். ஆனாலும் 6 அடி 4 அங்குலம் உயரம், அவர் ஆடிய இடத்துக்கு, தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் போதாது. தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் தேர்விலும் 2003இல் யாரும் அவரை எடுக்கவில்லை. தேர்வு முடிந்த பிறகு சான் டியேகோ சார்ஜர்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது.

அவர் ஆட்டத்தைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூடையில் பட்டுத் திரும்பும் பந்துக்காக எதிராளியை முதுகால் மறித்து இடம்பிடிப்பார்களே, அதையேதான் கோல் எல்லைக்குள்ளும் செய்தார். காவலுக்கு நிற்பவர் அவருடைய தோளைச் சுற்றிக் கையை நீட்டுவதற்குள் பந்து கேட்ஸின் கைக்கு வந்திருக்கும். 16 பருவங்கள், எல்லைக்குள் பந்தைப் பிடித்தோ கொண்டுபோயோ புள்ளி எடுக்கும் டச்டவுன்கள் 116. எதிராளியை மறிப்பதும் பந்தைப் பிடிப்பதுமான டைட் எண்ட் இடத்தில் ஆடியவர்களில் அதற்கு மேல் யாரும் எடுத்ததில்லை. அதற்கு முன் அந்தச் சாதனை டோனி கொன்சாலஸிடம் இருந்தது. அவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இரண்டு விளையாட்டுகளையும் ஆடி, 1997 என்.எஃப்.எல். தேர்வில் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர். ஒருவருக்கு இரண்டும் கிடைத்தன, இன்னொருவருக்கு மறுக்கப்பட்டது. திறமையில் என்ன குறை கண்டார்கள்?

பயிற்சியாளர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கால்பந்துப் பருவம் முடிவதற்குள் கூடைப்பந்துப் பருவம் தொடங்கிவிடும். கால்பந்தின் வசந்தகாலப் பயிற்சிக்கும் ஆள் வேண்டும். காயம்பட்டால் இரண்டு அணிக்கும் நஷ்டம். உதவித்தொகைக் கணக்கு வேறு. இரண்டையும் ஆடும் மாணவர் கால்பந்து அணிக்கு உச்சவரம்பாக இருந்த 85 உதவித்தொகை இடங்களில் ஒன்றாகவே நெடுங்காலம் கணக்கிடப்பட்டார். ஆறு மாதம் வேறு மைதானத்தில் இருப்பவருக்கு அந்த இடத்தைக் கொடுக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் தயங்குவது புரிகிறது. 2025 முதல் பல கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்கு மொத்தம் 105 பேர் என்று ஆகியிருக்கிறது. இதிலும் கூடைப்பந்து ஆடுபவருக்கு இடம் ஒதுக்கப் பலருக்கு மனம் வராது என்றே அஞ்சுகிறேன். பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் இரண்டையும் ஆடலாம் என்று ஆசை காட்டிச் சேர்த்துவிட்டுப் பிறகு ஒன்றை விடச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. சேர்க்கும் முன்பே எழுத்தில் தர வேண்டிய வாக்குறுதி அது.

கேட்ஸ் 2025இல் கான்டனிலுள்ள கால்பந்துப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். அது எங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடம். மிச்சிகன் ஸ்டேட்டில் நடந்ததையும் சேர்த்து அவரைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். கொன்சாலஸையும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கென்ட், ஒஹாயோ